நிறம் வேறு, இனம் வேறு: அமெரிக்கக் கறுப்பின நாவல்களை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துக்கொள்கிறேன். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்திருக்கிறீர்கள். ஒரு பக்கம், பார்வைக்கு வெள்ளையரைப் போலவே இருக்கும் கறுப்பினத்தவர் பிறப்பை மறைத்து வெள்ளையராக வாழும் கதைகள் கண்ணில் படுகின்றன. இன்னொரு பக்கம், கறுப்பினக் குடும்பத்துக்குள்ளேயே கறுத்த பிள்ளையை ஒதுக்கும் கதைகள். இரண்டும் ஒரே விஷயமா, இந்தக் கதைகளை எந்த அளவுக்கு நடந்ததாக எடுத்துக்கொள்வது, எதை முதலில் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் சுலபம் என்பதால் அதில்தான் அதிகம் பேசப் போகிறேன். நான் கல்லூரியில் அமெரிக்கப் புனைகதை நடத்தியவன். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிதான் நான் முறையாகப் படித்த காலம். அதற்குப் பிந்திய நூல்களைப் பற்றி நான் சொல்வதை ஒரு பழைய வாசகனின் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்காவில் இனம் என்பது நீண்ட காலம் காகிதத்தில் இருந்தது. நிறம் கண்ணுக்குத் தெரிவது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போகவில்லை. 1892-இல் நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். அவருடைய வம்சாவளியில் எட்டில் ஒரு பங்குதான் ஆப்பிரிக்கம். பார்த்தால் தெரியாது. தான் கறுப்பினத்தவன் என்று அவரே நடத்துநரிடம் சொன்ன பிறகுதான் கைது செய்தார்கள். வழக்குத் தொடுப்பதற்காகவே ஒரு குடிமக்கள் குழு திட்டமிட்ட பயணம் அது. 1896-இல் உச்ச நீதிமன்றம் 'தனித்தனியாக, ஆனால் சமமாக' என்ற ஏற்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்து அவரைத் தோற்கடித்தது. யோசித்துப் பாருங்கள்: நிறத்தின் பெயரால் போட்ட சட்டம், நிறத்தைப் பார்த்து அடையாளம் காண முடியாத ஒருவர் மீது பாய்ந்தது. 1924-இல் வர்ஜீனியா இன்னும் ஒரு படி மேலே போனது. வேறு ரத்தம் துளியும் கலக்காதவர்தான் வெள்ளையர் என்று எழுதி வைத்தது; பதினாறில் ஒரு பங்கோ அதற்குக் குறைவாகவோ அமெரிக்கப் பூர்வகுடி வம்சம் இருந்தால் மட்டும் விலக்கு. கலப்பு மணத்தைத் தடுத்த அந்தச் சட்டம் விழ 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கண் சொல்வதற்கும் காகிதம் சொல்வதற்கும் நடுவே விழுந்த இந்த இடைவெளியில்தான் நீங்கள் சொல்லும் முதல் வகைக் கதைகள் முளைத்தன. இப்படிப் பிறப்பை மறைத்து வெள்ளையராக வாழ்வதற்குப் 'பாஸிங்' என்று பெயர். ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1912-இல் பெயர் போடாமல் ஒரு நாவல் வெளியிட்டார். தன் பிறப்பை மறைத்த ஒருவரின் சுயசரிதை போலவே அது எழுதப்பட்டிருந்ததால் நிஜ வாழ்க்கை வரலாறு என்று நம்பியவர்கள் உண்டு. 1927-இல்தான் அவர் பெயரோடு மறுபதிப்பு வந்தது. அதில் வரும் சிறுவனுக்குத் தன் இனமே தெரியாது. ஒருநாள் தலைமையாசிரியர் வகுப்பில் வெள்ளை மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்கிறார். இவனும் எழுகிறான். 'நீ உட்கார், மற்றவர்களோடு எழுந்திரு' என்கிறார்கள். வீட்டுக்கு ஓடிப்போய்க் கண்ணாடி முன் நிற்கிறான். முகம் நேற்று இருந்த மாதிரியேதான் இருக்கிறது.

இந்த வகையில் உச்சம் என்று நான் நினைப்பது நெல்லா லார்சன் 1929-இல் எழுதிய 'பாஸிங்'. லார்சனின் தாய் டென்மார்க்காரர். தந்தை அன்று டென்மார்க்கின் வசம் இருந்த மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவர். தாய் பின்னர் ஒரு வெள்ளையரை மணந்தார். ஆக, வெள்ளைக் குடும்பத்தில் வளர்ந்த ஒரே கறுப்புப் பிள்ளை லார்சன். நர்ஸாகவும் நூலகராகவும் வேலை பார்த்தவர். நாவலில் ஐரீன், கிளேர் என்று இரண்டு பழைய தோழிகள் சிகாகோவின் ஒரு பெரிய ஹோட்டல் மொட்டை மாடியில் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். கிளேர் நிறவெறி பிடித்த ஒரு வெள்ளைக்காரனை மணந்து, உண்மையைச் சொல்லாமலே குடும்பம் நடத்துகிறாள். ஐரீனோ நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் கறுப்பின மருத்துவரின் மனைவி, சமூக சேவை செய்பவள், கிளேரை ஒழுக்கத் தராசில் வைத்துப் பார்ப்பவள். ஆனால் அந்த ஹோட்டலில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. ஐரீனும் அந்த மதியம் வெள்ளைக்காரியாகத்தான் அங்கே உட்கார்ந்து குளிர்ந்த தேநீர் குடிக்கிறாள்! லார்சன் இதை உரக்கச் சொல்வதில்லை. அவசரமாகப் படித்தால் தவறிவிடும்.

பிறகு ஒரு தேநீர் சந்திப்பு வருகிறது. அந்த அத்தியாயத்தை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். பார்வைக்கு வெள்ளையராக இருக்கும் மூன்று பெண்கள், மூவருமே கறுப்பினத்தவர். கிளேரின் கணவன் உள்ளே வந்து, கறுப்பர்களைக் குறிக்கும் வசைச்சொல்லைச் சுருக்கி மனைவியைச் செல்லப் பெயராக அழைக்கிறான். கல்யாணமான புதிதில் வெள்ளை வெளேரென்று இருந்தவள் வருஷத்துக்கு வருஷம் கறுத்துக்கொண்டே வருகிறாள் என்று அவனுக்கு வேடிக்கை. பெண்கள் சிரிக்கிறார்கள், ஐரீனுக்குச் சிரிப்பை நிறுத்தவே முடியவில்லை. அதற்குச் சற்று முன்புதான் கிளேர், மகள் கறுப்பாகப் பிறந்துவிடுவாளோ என்று ஒன்பது மாதமும் பயந்து செத்ததைச் சொல்லியிருக்கிறாள். கணவனுக்கு உண்மை தெரிந்த இன்னொருத்தியும் கறுத்த பிள்ளை யாருக்குத்தான் வேண்டும் என்கிறாள். என் மகன்களில் ஒருவன் கறுப்புதான் என்கிறாள் ஐரீன். உங்கள் இரண்டு வகைக் கதைகளும் தொட்டுக்கொள்ளும் இடம் இது. காகிதத்தை ஏமாற்றியவளுக்கும் கருப்பையிலிருந்து நிறம் காட்டிக்கொடுக்குமோ என்ற பயம் போகவில்லை.

சரி, இரண்டாவது வகை. அதே 1929-இல், அதே ஹார்லெம் வட்டாரத்திலிருந்து, வாலஸ் தர்மன் 'த பிளாக்கர் த பெரி' என்ற நாவலை வெளியிட்டார். கறுக்கக் கறுக்கப் பழம் இனிக்கும் என்ற நாட்டார் சொலவடையின் முற்பாதிதான் தலைப்பு. கதாநாயகி எம்மா லூ ஐடஹோவின் பாய்ஸி நகரத்துப் பெண். அம்மா வழிப் பாட்டி, தலைமுறைக்குத் தலைமுறை வெளுத்துக்கொண்டே போக வேண்டும் என்று கணக்குப் போட்ட குடும்பத்தில் வந்தவள். அந்தக் கணக்கைக் கெடுத்தது எம்மா லூவின் கறுத்த அப்பா. படிப்பதற்காக லாஸ் ஏஞ்சலீஸ் போனால் வெளிர் நிற மாணவிகளின் வட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. ஹார்லெமுக்குப் போனால் வேலை தேடித் தரும் அலுவலகத்தில், அலுவலக வேலைக்கு முதலாளிகள் மனத்தில் வைத்திருக்கும் பெண் வேறு மாதிரி என்று பக்குவமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த முதலாளிகளும் கறுப்பினத்தவர்களே. எம்மா லூவால் பாஸிங் செய்ய முடியாது. அவள் பிரச்சினை அதுவல்ல. எல்லோரும் ஒரே இனம் என்று பதிவான ஊரிலும் மிச்சமிருக்கும் படிநிலைதான் அவளைத் துரத்துகிறது.

தர்மன் அவளைப் பாவப்பட்டவளாக மட்டும் காட்டியிருந்தால் நாவல் எப்போதோ மறந்துபோயிருக்கும். எம்மா லூவுக்கும் அதே நோய் உண்டு. கல்லூரியில் முதன்முதலாக அன்போடு பேச வந்த கறுத்த தென்மாநிலப் பெண்ணைக் கண்டு கூசுகிறாள். ஹார்லெமில் தன்னை நேசித்த கறுத்த ஆணை உதறிவிட்டு, தன்னைச் சுரண்டும் வெளிர் நிறக்காரன் பின்னால் போகிறாள். வெளுக்க வைக்கும் களிம்புகளைப் பூசிப் பூசி முகத்தைக் கெடுத்துக்கொள்கிறாள். தர்மனே கறுத்த நிறத்தவர்தான். அதனால் எம்மா லூவை அவரது சுயசித்திரமாக வாசிப்பவர்கள் நிறையப் பேர். எவ்வளவு தூரம் அப்படி என்பது விவாதத்துக்குரியது. நான் அந்த வாசிப்பை அதிகம் நம்புவதில்லை. நடை கரடுமுரடுதான், கடைசி அத்தியாயத்தில் கொஞ்சம் பிரசங்க வாடையும் அடிக்கிறது. அப்புறம் இன்னொரு நாவல் தனியாக, ஒன்று இன்னொருவரோடு சேர்ந்து என்று எழுதிவிட்டு, 1934-இல் 32 வயதில் அவர் இறந்துபோனார்.

இந்தக் கதைகள் எவ்வளவு உண்மை என்ற கேள்விக்கு வருகிறேன். நிச்சயமாகச் சொல்லக்கூடியது இது: அடிமை முறை ஒழிந்த 1865-க்கு முன்பே விடுதலை பெற்றிருந்த கறுப்பினத்தவரில் கலப்பு வம்சாவளியினர் கணிசமானவர்கள். வெள்ளைத் தகப்பனே அவர்களில் சிலரை விடுவித்தான், சிலருக்குத் தொழிலோ படிப்போ சொத்தோ கிடைத்தது. அந்த முன்தொடக்கம் தலைமுறைகளுக்கு நீடித்தது. நகரத்து மேட்டுக்குடி வட்டங்களில் வெளிர் நிறம் ஓங்கியிருந்ததற்கு வெறும் ரசனை மட்டும் காரணமில்லை. சார்ல்ஸ் செஸ்நட் 1898-இல் வெளியிட்ட 'த வைஃப் ஆஃப் ஹிஸ் யூத்' என்ற சிறுகதை இந்த வட்டத்தைத்தான் கிண்டலும் பரிவுமாகப் படம் பிடிக்கிறது. தோலுக்கடியில் நீல நரம்பு தெரியும் அளவுக்கு வெளுத்தவர்கள்தான் சேர முடியும் என்று ஊரார் கேலி செய்யும் ஒரு சங்கம். அதன் தலைவர், வெளிர் நிற விதவை ஒருத்தியிடம் திருமணம் பற்றிக் கேட்க விருந்து ஏற்பாடு செய்யும் நாளில், காணாமல்போன கணவனை 25 வருஷமாகத் தேடும் கன்னங்கரேலென்ற கிழவி ஒருத்தி வாசலுக்கு வருகிறாள். செஸ்நட்டே விரும்பியிருந்தால் வெள்ளையராக வாழ்ந்திருக்கக்கூடிய தோற்றம் உடையவர்; அதை விரும்பாதவர்.

சந்தேகத்தோடு அணுக வேண்டியவையும் உண்டு. வாசலில் பழுப்புக் காகிதப் பையை வைத்து, அதைவிடக் கறுத்தவர்களை உள்ளே விடாத சங்கங்கள், தேவாலயங்கள் பற்றி நிறையப் படிப்பீர்கள். வாய்வழியாக இது பரவலாகச் சொல்லப்பட்டது. எழுத்தில் கிடைக்கும் சான்று அதனோடு ஒப்பிட்டால் மெலிந்தது. ஒதுக்கல் இருந்தது என்பதில் சந்தேகமில்லை, பையை நிஜமாகவே தொங்கவிட்டார்களா என்பதில்தான் எச்சரிக்கை தேவை. அதேபோல எத்தனை பேர் பாஸிங் செய்தார்கள் என்று எண்ணிக்கை சொல்பவர்களை நம்பாதீர்கள். வெற்றிகரமாகச் செய்தவர் தடயம் விட்டிருக்க மாட்டார். தடயம் விட்டவர்களில் எனக்குப் பிடித்தவர் வால்டர் வைட். நீலக் கண், வெளிர் முடி. அந்தத் தோற்றத்தை வைத்துக்கொண்டு தென்மாநிலங்களுக்கு வெள்ளையராகப் போய், கறுப்பினத்தவர் கும்பல்களால் கொல்லப்பட்ட சம்பவங்களை விசாரித்து வெளியே கொண்டுவந்தார். கறுப்பின மக்களின் மிகப் பெரிய உரிமைச் சங்கத்துக்குப் பின்னாளில் தலைமை தாங்கினார். பாஸிங் என்றாலே துரோகம் என்று எழுதும் விமர்சகர்கள் இவரைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வகைக்குத் திரும்புகிறேன். டோனி மாரிசனின் 'த புளூயஸ்ட் ஐ' 1970-இல் வந்தது, கதை நடப்பது ஒஹையோவின் லொரெய்ன் நகரத்தில், 1940-41. நீலக் கண் வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் பெக்கோலா என்ற சிறுமியின் கதை என்று எல்லோரும் ஒரு வரியில் சொல்வார்கள். அந்த ஒரு வரி நாவலைக் கெடுக்கிறது. மாரிசனின் அக்கறை, அந்த ஆசை அவளுக்குள் எந்த வழியாக வந்தது என்பதில். பெக்கோலாவின் அம்மா சினிமா பார்த்துப் பார்த்து அழகு என்றால் என்ன என்று கற்றுக்கொள்கிறாள். தன் வீட்டை விட்டுவிட்டு, வேலை பார்க்கும் வெள்ளை வீட்டைத்தான் பளபளவென்று வைத்திருக்கிறாள். பெக்கோலா மிட்டாய் வாங்கப் போனால் கடைக்காரரின் பார்வை அவள் மேல் விழாமல் நின்றுவிடுகிறது. வெளிர் நிறத்து மோரீன் வகுப்புக்கு வந்ததும் ஆசிரியர் முதல் பையன்கள் வரை எல்லோரும் நடத்தை மாறுகிறார்கள். ஜெரால்டின் என்ற நடுத்தர வர்க்கப் பெண், 'நாம் நாகரிகமான நிறத்தவர், அவர்கள் அழுக்குக் கறுப்பர்' என்ற பாகுபாட்டை மகனுக்குப் பால் புகட்டும்போதே சேர்த்துப் புகட்டியவள். இத்தனைக்கும் நடுவில் கதை சொல்லும் கிளாடியா, பரிசாக வந்த நீலக்கண் பொம்மையைப் பிய்த்துப் பார்க்கிறாள், அப்படி என்னதான் உள்ளே இருக்கிறது என்று.

இந்த இடத்தில் கென்னத், மேமி கிளார்க் தம்பதியின் பொம்மை ஆய்வை வாசகர்கள் கொண்டுவருவார்கள். கறுப்பினக் குழந்தைகளிடம் இரண்டு நிறப் பொம்மைகளைக் காட்டி எது நல்லது என்று கேட்ட ஆய்வு. 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்ட விரோதமாக்கிய தீர்ப்பிலும் இடம்பெற்றது. குழந்தைகள் பெரும்பாலும் வெள்ளைப் பொம்மையை விரும்பினார்கள் என்பது சரி. ஆனால் அதைச் சுயவெறுப்பு என்று நேராக மொழிபெயர்க்கலாமா என்பதில் உளவியலாளர்களுக்குள் நெடுநாள் சர்ச்சை. வடக்கில் கலப்புப் பள்ளிகளில் படித்தவர்களை விட, தெற்கில் பிரிவினைப் பள்ளிகளில் படித்த குழந்தைகள் பழுப்புப் பொம்மையைக் குறைவாகவே நிராகரித்தார்கள் என்பதும் அந்த முடிவுகளிலேயே இருக்கிறது. அதனால் நாவலை ஆய்வுக்கு உதாரணமாகவோ ஆய்வை நாவலுக்குச் சாட்சியாகவோ நான் வகுப்பில் வைப்பதில்லை.

மாரிசன் பின்னால் இதே விஷயத்தைத் தலைகீழாகவும் செய்து பார்த்தார். 'பாரடைஸ்' நாவலில் ஒரு ஊரை நிறுவியவர்களின் முன்னோர்கள், மிகவும் கறுத்தவர்கள், ஏழைகள் என்பதற்காகச் சக கறுப்பினத்தவரால் துரத்தப்பட்டவர்கள். அந்த அவமானத்தை வம்சப் பெருமையாக மாற்றி, அடுத்த தலைமுறைகளில் வெளிர் நிறத்தவரை இவர்கள் ஒதுக்குகிறார்கள். அளவுகோல் திரும்பிவிட்டது, அளக்கும் வேலை நிற்கவில்லை. 1983-இல் வந்த 'ரெசிட்டாட்டிஃப்' என்ற சிறுகதையிலோ ட்வைலா, ராபர்ட்டா என்ற இரண்டு பெண்களில் ஒருத்தி கறுப்பினம், ஒருத்தி வெள்ளை என்பது மட்டும் தெரியும். யார் எது என்று கடைசி வரை சொல்லவில்லை, வேண்டுமென்றே. வகுப்பில் இதைக் கொடுத்தால் பாதி நேரம் துப்பறிவதிலேயே போகும்: தலைமுடியைப் பற்றி ஒரு வரி, கேட்கப் போன இசைக் கலைஞர், யார் பணக்காரியானாள். ஒவ்வொரு துப்பும் இரண்டு பக்கமும் பொருந்தும். மாணவர்கள் எந்தத் துப்பை உடும்புப் பிடியாகப் பிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

வெள்ளை எழுத்தாளர்களும் இந்த நிலத்தில் உழுதிருக்கிறார்கள். மார்க் ட்வைன் 1894 நாவலில் இரண்டு குழந்தைகளைத் தொட்டில் மாற்றி வைத்து இனம் வெறும் ஏற்பாடு என்று காட்டினார், பின்பு ஏனோ பாதியில் தயங்கினார். கேட் ஷோபினின் 'டெசிரேஸ் பேபி'யைத் திருப்பத்துக்காகப் படிக்கலாம். ஃபாக்னரின் 'லைட் இன் ஆகஸ்ட்' (1932) வேறு ரகம். ஜோ கிறிஸ்துமஸுக்குக் கறுப்பின ரத்தம் உண்டா என்பது அவனுக்கும் தெரியாது, நமக்கும் உறுதியாகச் சொல்லப்படுவதில்லை. வதந்தி ஒன்றே அவனைக் கொல்லப் போதுமானதாக இருக்கிறது. கலப்பினப் பெண் என்றால் அழகாக இருப்பாள், துயரப்படுவாள், கடைசியில் சாவாள் என்ற வார்ப்பு அதற்கு முன்பே பழகிப்போயிருந்தது. லார்சனின் கிளேரும் சாகிறாள் என்பதால் அவரையும் அதே வரிசையில் வைப்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கிளேர் தன் இரட்டை வாழ்க்கையை ரசிக்கிறவள், சிரிப்பவள், பயமில்லாதவள். நடுங்கிக்கொண்டே இருப்பது 'ஒழுங்காக' வாழும் ஐரீன்தான்.

எதை முதலில் என்றால், செஸ்நட்டின் சிறுகதை, பிறகு 'பாஸிங்', உடனே அடுத்து தர்மன். ஒரே ஆண்டின் இந்த இரண்டு நாவல்களையும் சேர்த்துப் படித்தால் நான் மேலே சொன்ன வேறுபாடு தானாகப் பிடிபடும். மாரிசனை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 'த புளூயஸ்ட் ஐ'யில் தகப்பனே மகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கும் பகுதி இருக்கிறது, தெரிந்துகொண்டு போவது நல்லது. இக்காலத்து எழுத்து வேண்டுமென்றால் பிரிட் பென்னட் 2020-இல் எழுதிய 'த வேனிஷிங் ஹாஃப்': இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தி வெள்ளையாக மறைந்துபோகிறாள், இன்னொருத்தி கன்னங்கரேலென்ற மகளோடு வெளிர் நிறத்தவர் ஊருக்குத் திரும்புகிறாள். இரண்டு வகையும் ஒரே கதையில். கொஞ்சம் சினிமாத்தனம் உண்டு, ஆனால் விறுவிறுப்பு. பிரெஞ்சு மொழியில் மனநல மருத்துவர் ஃபனோன் 1952-இல் எழுதிய நூலும் இதே பேச்சில் அடிபடும். அது கரீபியத் தீவுகளின் அனுபவத்திலிருந்து பிறந்தது, நான் ஆங்கிலம் வழியாக மட்டுமே படித்தது, ஆகவே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. பிரேசில் இலக்கியத்துக்கும் இதே பதில்தான்.

வாங்குவதைப் பற்றி ஒன்று. 1929-இல் வெளியான நூல்களின் காப்புரிமை அமெரிக்காவில் 2025 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. லார்சனும் தர்மனும் இனி பல பதிப்புகளில் வருவார்கள். லார்சன் நாவலின் முடிவில் கிளேர் ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து விழுகிறாள். தவறி விழுந்தாளா, தானே குதித்தாளா, ஐரீன் தள்ளினாளா என்று பிரதியை வைத்து நிரூபிக்க முடியாது. ஐரீனின் கை அவள் மேல் இருந்தது என்பது வரை மட்டும் உறுதி. முதல் பதிப்பின் முதல் இரண்டு அச்சுகளில், விபத்தாகத்தான் இருக்கும் என்று விசாரிக்க வந்தவர் சொல்லி, ஜன்னலை மறுபடி பார்க்கலாம் என்று கிளம்பும் ஒரு குட்டிப் பத்தி கடைசியில் இருந்தது. மூன்றாவது அச்சில் அதைக் காணோம். கதை ஐரீன் மயங்குவதோடு நிற்கிறது. இன்றைய பதிப்புகளில் சில ஒன்றையும் சில மற்றொன்றையும் பின்பற்றுகின்றன. பதிப்பாசிரியர் குறிப்போடு இரண்டையும் தரும் பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.